ஓட்டை விழுந்த வானம்

உலகத்திலேயே வெயில் கொடுமை மிகுந்த ஊர் எது என்று கேட்டால், பழைய பூகோளப் புத்தகங்கள் தயங்காமல் ஒரு பெயரைச் சொல்லும்: அல் அஸீஸியா. வட ஆப்பிரிக்காவிலுள்ள லிபியா தேசத்தில், தலைநகரான திரிப்போலிக்குத் தென்மேற்கே இருக்கும் ஒரு சிற்றூர் அது. 1922-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 13-ஆம் தேதி அங்கே உஷ்ணம் 58 டிகிரி சென்டிகிரேடைத் தொட்டது. அதாவது பாரன்ஹீட் கணக்கில் 136 டிகிரிக்கும் மேல். அந்த எண்ணைச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவர்கள் நம்மிடையே பலர் இருக்கக்கூடும். அந்தப் பரிசை யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை. ஆனால், அத்தனை வெயில் அன்று அல் அஸீஸியாவில் அடிக்கவில்லை என்று இப்போது தீர்ப்பாகிவிட்டது.

அந்தத் தீர்ப்பின் கதை துப்பறியும் நாவலுக்குச் சற்றும் குறைந்ததல்ல. 1922-இல் லிபியா இத்தாலியர் ஆதிக்கத்தில் இருந்தது. அல் அஸீஸியாவில் அவர்களுடைய ராணுவக் கோட்டை ஒன்று உண்டு. அங்கேதான் உஷ்ணமானியை வைத்து, தினந்தோறும் கணக்கு எழுதிவந்தார்கள். அது யு என்ற ஆங்கில எழுத்தைப் போல் வளைந்த கண்ணாடிக் குழாய். உஷ்ணம் ஏற ஏற, உள்ளே இருக்கும் பாதரசம் ஒரு சின்னஞ்சிறு ஊசியைத் தன் தலைமேல் தள்ளிக்கொண்டு போகும். பாதரசம் இறங்கிவிட்டாலும் ஊசி ஏறிய இடத்திலேயே நிற்கும். ஊசியின் அடி நுனி எந்தக் கோட்டில் நிற்கிறதோ, அதுதான் அன்றைய உச்ச வெப்பம். அடி நுனிக்குப் பதிலாக மேல் நுனியைப் பார்த்துவிட்டால்? ஊசியின் நீளம் ஏறக்குறைய 7 டிகிரி. அத்தனையும் கணக்கில் ஏறிவிடும்!

சுமார் 90 வருஷத்துக்குப் பிறகு உலக வானிலை அமைப்பு ஒரு நிபுணர் குழுவை நியமித்தது. லிபிய வானிலை நிலையத்தைச் சேர்ந்த காலித் எல் ஃபட்லி என்பவர் பழைய கணக்கேட்டின் மூலத் தாளைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அதைப் பார்த்தால், செப்டம்பர் 11-ஆம் தேதியிலிருந்து கையெழுத்தே மாறியிருக்கிறது. புதிதாக வந்த யாரோ ஒருவர், ஒரு கட்டத்தில் எழுத வேண்டியதை இன்னொரு கட்டத்தில் எழுதியிருக்கிறார். சுற்றுப்புறத்து ஊர்களின் கணக்கோடும் அந்த எண் ஒத்துவரவில்லை. இதற்கிடையே 2011-இல் லிபியாவில் புரட்சி வெடித்தது. எல் ஃபட்லியிடமிருந்து பல மாதங்கள் ஒரு செய்தியும் இல்லை. குழுவினர் கவலையோடு காத்திருந்தார்கள். துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த பின்பு அவர் மறுபடியும் வந்து சேர்ந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார். 2012 செப்டம்பர் 13-ஆம் தேதி, சரியாக 90 வருஷம் நிறைந்த அன்று, அல் அஸீஸியாவின் பட்டம் பறிக்கப்பட்டது. அந்தப் பட்டம் அமெரிக்காவில், மரணப் பள்ளத்தாக்கு என்ற இடத்துக்குப் போயிற்று.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றிய எண்ணம் வேறு. ஒரு தேசத்தின் பெயர் 90 வருஷ காலம் ஒரு வெயிலின் பெயராலேயே உலகத்தில் அடிபட்டது. ஆனால் அந்தத் தேசத்தின் சரித்திரத்தை நடத்தியது வெயிலா என்றால், இல்லை. மழைதான் நடத்தியது. வெயில் அங்கே என்றைக்கும் இருப்பது. மழையோ எப்போதாவது வருவது. எப்போதாவது வருகிறவர்களால்தானே கதை நகர்கிறது?

வெயிலை நான் குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். பாலைவனத்திலிருந்து தெற்குக் காற்று ஒன்று வீசும். கிப்லி என்று அதற்குப் பெயர். நபூஸா மலையின் விளிம்பைத் தாண்டிக் கடலோரச் சமவெளிக்கு அந்தக் காற்று இறங்கும்போது, நூறு மீட்டர் இறக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் இன்னும் சூடேறிக்கொண்டே வரும். அல் அஸீஸியா அந்தச் சமவெளியில்தான் இருக்கிறது. கிரேக்க சரித்திர ஆசிரியர் ஹெரோடோட்டஸ், லிபியர்கள் சொல்லக் கேட்டதாக ஒரு கதை எழுதிவைத்திருக்கிறார். ஸில்லி என்ற கூட்டத்தாரின் நீர்த்தொட்டிகளையெல்லாம் தெற்குக் காற்று வற்ற அடித்துவிட்டதாம். அவர்கள் சபை கூடி ஆலோசித்து, ஆயுதமெடுத்துக்கொண்டு காற்றின்மேல் படையெடுத்துப் போனார்களாம். காற்று மணலை வாரிக் கொட்டி, படை முழுவதையும் புதைத்துவிட்டதாம்! கதையாகவே இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டி வற்றிய பிறகு மனிதனுக்குப் புத்தி எந்த மட்டும் போகும் என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அதே ஹெரோடோட்டஸ் மழையின் கதையையும் சொல்கிறார். தீரா என்ற கிரேக்கத் தீவில் ஏழு வருஷம் மழை பொய்த்தது. பஞ்சம் பிழைக்க ஒரு கூட்டம் கப்பலேறி லிபியாவுக்குப் புறப்பட்டது. முதலில் கரையருகே ஒரு தீவில் இரண்டு வருஷம் இருந்தார்கள். பிறகு கரையிலேயே ஓரிடத்தில் ஆறு வருஷம். கடைசியில் அந்த நாட்டுக்காரர்கள், இதைவிட நல்ல இடம் காட்டுகிறோம் என்று மேற்கே அழைத்துக்கொண்டு போனார்கள். வழியில் இருந்த மிகச் செழிப்பான பூமியை இவர்கள் கண்ணில் படாதபடி இரவு நேரத்தில் கடந்து போனார்களாம். சாமர்த்தியசாலிகள்! பின்பு ஓர் ஊற்றங்கரைக்கு வந்து, இங்கே குடியிருங்கள், இந்த இடத்தில் வானம் ஓட்டையாக இருக்கிறது என்று சொன்னார்களாம். கி.மு. ஏழாம் நூற்றாண்டில் ஸைரீன் என்ற மாநகரம் பிறந்த கதை இதுதான்.

வானத்தில் ஓட்டை என்பது வெறும் அலங்காரப் பேச்சு அல்ல. கோடைக்காலத்தில் லிபியாவுக்கு மழையே கிடையாது. குளிர்காலத்தில் மத்தியதரைக் கடலிலிருந்து வரும் மேகங்கள்தான் கதி. தேசத்தின் வடகிழக்கில் பச்சை மலை என்று ஒரு பீடபூமி, கடலை எட்டிப் பார்ப்பதுபோல் முன்னே நீண்டிருக்கிறது. மேகங்கள் அதன்மேல் மோதி, வருஷத்துக்கு 500 மில்லிமீட்டருக்கும் மேல் பொழிந்துவிட்டுப் போகின்றன. தேசத்தின் பெரும்பகுதிக்கு 100 மில்லிமீட்டர்கூடக் கிடைப்பதில்லை. உள்நாட்டில் கூஃப்ரா பக்கம் ஒரு துளியும் விழாத வருஷங்கள் உண்டு. ஒரே தேசம், ஒரே சூரியன், ஆனால் ஓட்டை ஓரிடத்தில்தான்.

அந்த ஓட்டையின்கீழ் ஸைரீன் செழித்தது. கடலோரத்தில் அறுவடை முடிந்ததும் நடு மலையில் கதிர் முற்றும். அங்கே முடிந்ததும் உச்சியில் முற்றும். இப்படி எட்டு மாதம் அறுவடை நடந்ததாம். கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டில் பஞ்சம் வந்தபோது, ஸைரீன் பல ஊர்களுக்குத் தானியம் அனுப்பியது. அந்தக் கணக்கைக் கல்லிலே வெட்டி வைத்திருக்கிறார்கள்: 8 லட்சத்துக்கும் மேற்பட்ட அளவைகள், ஓர் அளவை சுமார் 50 லிட்டர். பஞ்சத்துக்கு ஓடி வந்தவர்களின் சந்ததியார் பஞ்சத்துக்குப் படியளந்தார்கள்!

அங்கே இன்னொரு அதிசயமும் விளைந்தது. ஸில்ஃபியம் என்று ஒரு செடி. நம் பெருங்காயத்துக்கு உறவு என்று சொல்லலாம். அது கிடைக்காமல் போனபின் ரோமாபுரிக்காரர்கள் பெருங்காயத்தைத்தான் வாங்கிச் சமாளித்தார்கள். நகரம் தோன்றுவதற்கு ஏழு வருஷம் முன்பு கறுப்பாக ஒரு பெருமழை பெய்து, அதிலிருந்து அந்தச் செடி முளைத்ததாக ஐதீகம். உணவுக்கும் மருந்துக்கும் அது பயன்பட்டது. ஸைரீன் தன் நாணயத்திலேயே அதைப் பொறித்துக்கொண்டது. ஆனால் பயிராக்க யாராலும் முடியவில்லை. பிடுங்கிப் பிடுங்கி விற்றார்கள், ஆடுகளும் மேய்ந்தன. நீரோ சக்கரவர்த்தி காலத்தில் ஒரே ஒரு செடி கிடைத்து, அதை அதிசயப் பொருளாக அவனுக்கு அனுப்பினார்களாம். மழை கொடுத்ததை மனிதன் எப்படி வைத்துக்கொள்கிறான் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். மேற்குக் கரையில் லெப்டிஸ் மேக்னா என்ற ரோமானிய நகரம். அதன் ஊடே ஒரு வாடி ஓடுகிறது. வாடி என்றால் வருஷம் முழுவதும் வறண்டு கிடந்து, மழை நாளில் மட்டும் ஆறாகிவிடும் ஓடை. ரோமானியர்கள் நகரத்துக்கு மேலே ஓர் அணை கட்டி, வெள்ளத்தைப் பக்கவாட்டில் திருப்பி விட்டார்கள். உள்நாட்டு வாடிகளின் குறுக்கே தாழ்ந்த கற்சுவர்கள் எழுப்பி, ஓடுகிற நீரை நிறுத்தி, ஒலிவ மரம் வளர்த்தார்கள். பார்ப்பார் இல்லாமல் அணை சீர்கெட்ட பின்பு, வெள்ளம் கொண்டுவந்த மண் நகரத்தின்மேல் படிந்தது.

இந்தப் பாடம் பழைய பாடம் அல்ல. பச்சை மலையின் கீழே, கடற்கரையில், தெர்னா என்று ஓர் அழகிய ஊர். அதன் நடுவேயும் ஒரு வாடி. 1959-இல் அது பெருக்கெடுத்து ஊரைப் பாழாக்கியது. ஆகவே 1970-களில் ஊருக்கு மேலே இரண்டு அணைகள் கட்டினார்கள். காலம் ஓடியது. ஆட்சி கவிழ்ந்தது, 2014-க்குப் பிறகு ஒரு தேசத்துக்கு இரண்டு அரசாங்கம் என்றாயிற்று. அணையில் விரிசல் கண்டால் எந்த அரசாங்கத்திடம் சொல்வது? 2022-இல் அப்துல் வனீஸ் ஆஷூர் என்ற லிபிய நீரியல் அறிஞர், பெருவெள்ளம் வந்தால் இந்த அணைகள் தாங்கமாட்டா என்று ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினார்.

2023 செப்டம்பரில் டேனியல் என்ற புயல் கிரேக்க நாட்டை வெள்ளத்தில் ஆழ்த்திவிட்டு, சூடேறிய கடலைக் கடந்து லிபியாவுக்கு வந்தது. புயல் வருகிறது என்று லிபிய வானிலை நிலையம் மூன்று நாள் முன்பே எச்சரித்தது. ஆனால் அணைகளைப் பற்றி எச்சரிக்க ஆள் இல்லை. 10-ஆம் தேதியும் 11-ஆம் தேதியும் சேர்ந்த 24 மணி நேரத்தில், மலைமேல் இருக்கும் அல் பைதா ஊரில் 414.1 மில்லிமீட்டர் மழை. 16 அங்குலத்துக்கும் மேல். வருஷம் முழுவதும் பெய்ய வேண்டியதில் பெரும்பங்கு ஒரே நாளில் கொட்டிவிட்டது. அந்த இரவில் மேல் அணை உடைந்தது. அதன் வெள்ளம் கீழ் அணையையும் உடைத்தது. உறங்கிக்கொண்டிருந்த தெர்னாவின் வீதிகளை, மாடி வீடுகளும் மனிதர்களுமாக, கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டது. பழைய ஸைரீனின் இடிபாடுகளுக்குள்ளும் அன்று வெள்ளம் புகுந்தது. வானத்தின் ஓட்டை அவ்வளவு பெரியது என்பதை அந்த ஊரார் 2,600 வருஷத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்கள்.

பெய்தும் கெடுக்கும், காய்ந்தும் கெடுக்கும் என்று நம் கிழவிகள் மழையைத் திட்டுவது உண்டு. லிபியாவின் சரித்திரத்தைப் படித்த பின்பு அந்த வசையில் எனக்குச் சம்மதமில்லை. மழை என்ன செய்யும் என்று அங்கே எப்போதும் யாரோ ஒருவர் அறிந்தே இருந்திருக்கிறார், கேட்கத்தான் ஆளில்லை.

1922-இல் அங்கே ஓர் எண்ணைத் தவறாகப் படித்தார்கள். அதனால் யாருக்கும் ஒரு கேடும் இல்லை. 2023-இல் மழையைத் தசமப் புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கம் வரை சரியாக அளந்துவிட்டார்கள். மாண்டவர்கள் பல ஆயிரம். அது எத்தனை ஆயிரம் என்பதில் ஒரு கணக்கு இன்னொரு கணக்கோடு இன்றுவரை ஒத்துவரவில்லை.