நள்ளிரவில் வந்த செய்தி

தூது என்பது நம்மவர்க்குப் புதிய விஷயமன்று. திருவள்ளுவனார் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஆயினும் 1947ஆம் வருஷத்தில் சுதந்தரம் எய்திய இந்தியாவில் அத்தொழிலிலே பழகினவர் மிகச் சிலரே. அந்நிய ராஜ்ய விவகாரங்கள் பெரும்பாலும் லண்டனின் விருப்பப்படியே அதுகாறும் நடந்தமையால், ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர்களையும், சமஸ்தானத் திவான்களையும், கல்விமான்களையும் தேடி அனுப்ப வேண்டியதாயிற்று. அங்ஙனம் சென்றவர்களுள் ஒருவரான சர்தார் கே. எம். பணிக்கரின் வரலாற்றை, முக்கியமாய்க் கல்லூரிகளிற் பயிலும் நம் பிள்ளைகள் பொருட்டு, ஈண்டு எழுதலுற்றோம்.

இவர் 1895ஆம் வருஷம் திருவிதாங்கூரைச் சேர்ந்த காவாலம் என்னும் ஊரிற் பிறந்தவர். ஆக்ஸ்போர்டிலே சரித்திரம் பயின்று, அலிகாரில் ஆசிரியராயும், பின்னர் பத்திரிகாசிரியராயும் இருந்து, முடிவில் பிகானீர் சமஸ்தானத்தின் பிரதம மந்திரியானார். மலையாளத்திற் கவிஞரென்றும் பெயர் பெற்றவர்.

1948இல் சீனாவுக்கு ஸ்தானாபதியாய்ச் சென்றபோது தலைநகர் நான்கிங். மறு வருஷமே அந்நகரம் கம்யூனிஸ்டுகள் வசமாயிற்று. 1949 டிசம்பர் 30இல் இந்தியா புதிய சர்க்காரை அங்கீகரிக்கவே, 1950இல் பணிக்கர் பீகிங் நகரிலே மீண்டும் ஸ்தானாபதியாய் அமர்ந்தார். அமெரிக்காவுக்கோ அங்கே தூதரே இல்லை. ஆதலின் இரு வல்லரசுகளுக்கிடையே ஒரு சொல் செல்ல வேண்டுமானாலும் பிறர் வாயிலாகவே செல்ல வேண்டியிருந்தது.

கொரியா யுத்தம் மூண்ட வருஷம் அது. 1950 அக்டோபர் 2ஆம் தேதி நள்ளிரவில், உறங்கிக்கொண்டிருந்த பணிக்கரை எழுப்பிப் பிரதம மந்திரி சூ யென்லாய் அழைப்பதாகச் சொன்னார்கள். அவ்வேளையில் எவரும் உபசாரத்திற்கு அழைப்பதில்லையன்றோ! தென்கொரியப் படை 38ஆம் அட்சரேகையைக் கடந்தால் பொருட்டில்லை. அமெரிக்கப் படை கடந்தால் சீனா தலையிடும் என்பதே சூ யென்லாய் உரைத்தது. பணிக்கர் உடனே டில்லிக்குத் தந்தி அனுப்பினார். செய்தி லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் எட்டியது. ஆனால் இவர் சீனரிடம் சாய்ந்தவர் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியிருந்தமையால் அதை வெறும் மிரட்டலென்று தள்ளிவிட்டனர். சில தினங்களில் அமெரிக்கப் படை எல்லையைக் கடந்தது. அக்டோபர் 19இல் சீனப் படை யாலு நதியைத் தாண்டியது. 1951 ஜனவரியில் ஸியோல் நகரம் மறுபடியும் வீழ்ந்தது. 1953 ஜூலை 27 வரை போர் ஓயவில்லை. சொன்னவர் எவரென்று பார்த்து, சொல்லைப் பாராது விட்டதன் பலன் இது என்பதே நம் அபிப்பிராயம்.

இனி மறுபக்கத்தையும் கூறாதிருத்தல் நியாயமன்று. அதே அக்டோபரிற் சீனப் படை திபெத்தினுட் புகுந்தது. பணிக்கர் சீனரின் செய்கைக்குச் சமாதானம் தேடுகிறார் என்று, நவம்பர் 7இல் சர்தார் வல்லபபாய் படேல் பண்டித நேருவுக்கு எழுதிய கடிதத்திற் கடிந்துரைத்தார். அடுத்த மாதமே படேல் காலமானார். சீனரின் சொல்லை நம்பியதனால் கொரியாவிலே பணிக்கர் உண்மையைக் கண்டார். அந்நம்பிக்கையே திபெத்திலே அவர் கண்ணை மறைத்தது என்று நாம் எண்ணுகிறோம். 1962இல் எல்லைப் போர் மூண்டதையும் அவர் உயிரோடிருந்து காண நேர்ந்தது.

பின்னர் எகிப்திலும் பிரான்ஸிலும் ஸ்தானாபதியாயிருந்தார். இடையில் ராஜ்ய புனரமைப்புக் கமிஷனின் மூன்று அங்கத்தினர்களுள் ஒருவராயிருந்தார். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலூகாக்கள் 1956 நவம்பர் 1இல் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது அக்கமிஷனின் சிபார்சினாலேயே. தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்காமற் போனதற்காக இவரை நொந்துகொண்ட தமிழர் பலர். ஆசியாவில் மேல்நாட்டார் ஆதிக்கத்தைப் பற்றி இவர் 1953இல் வெளியிட்ட ஆங்கில நூல் இன்றும் படிக்கப்படுகிறது. மைசூர் சர்வகலாசாலையின் துணைவேந்தராயிருக்கையில், 1963 டிசம்பர் 10இல் பணிக்கர் காலமானார்.