சுண்ணாம்புக் குழியும் உழைப்பின் புகழும்

உழைப்பே மனித வாழ்வின் பயன் என்னும் கருத்தைச் சோதிக்கத் தக்க இடம், பாலாற்றை ஒட்டிய ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் சுண்ணாம்புக் குழிகளே. குரோமிய உப்பால் பதனிடும் முறை பரவுவதற்கு முன், உப்பிட்ட தோலைக் கழுவிச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரையும் சதையையும் கத்தியால் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் கிடத்தி, கடுக்காய் நீரில் முடித்தனர். இவ்வாறு பாதி பதனிடப்பட்ட சரக்கே ‘கிழக்கிந்தியத் தோல்’ என்னும் பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாக இலண்டன் சந்தைக்குச் சென்றது. குழியில் இறங்கியோரில் பெரும்பாலோர் தலித் மக்கள். தோலைத் தொடுவது தீட்டு என அவர்களை ஒதுக்கிய சமூகம், அத்தோல் ஈட்டிய பணத்தில் மட்டும் தீட்டைக் காணவில்லை. 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தபின் காலணித் தொழிற்சாலைகள் பெருகின; பெண்கள் பெருந்திரளாக வேலைக்கு வந்தனர். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தமையால், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் இப்பகுதி வழக்கில் வலியுறுத்தியது. ஆயினும் 2015 சனவரியில் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, வேலை முடிந்து உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டனர்.