தாவரவியல் ஆய்விதழ்களில் சகமதிப்பாய்வு

தாவரவியல் ஆய்விதழ்களில் சகமதிப்பாய்வு என்பது, தாவரவியல் ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பப்படும் கட்டுரையின் கையெழுத்துப்படியை, அது வெளியாகும் முன்னர் அதே துறையைச் சேர்ந்த பிற ஆய்வாளர்கள் படித்து மதிப்பிடும் நடைமுறை ஆகும். இந்நடைமுறை எல்லா அறிவியல் துறைகளிலும் உள்ளது. எனினும் தாவர வகைப்பாட்டியலில் இதற்கு இரண்டு தனித்தன்மைகள் உண்டு. முதலாவது, கட்டுரையின் சான்று ஒரு பொருளாகவே இருக்கின்றது. உலர்த்தித் தாளில் ஒட்டப்பட்ட செடி ஓர் உலர்தாவரகத்தில் (ஹெர்பேரியம்) வைக்கப்பட்டிருக்கும். ஐயம் கொள்பவர் அத்தாளையே எடுத்துப் பார்க்கலாம். இரண்டாவது, புதிய தாவரப் பெயர் ஒன்று விதிகளின்படி ஏற்கப்படுவதற்குச் சகமதிப்பாய்வு தேவை இல்லை. இதனால் தவறான பெயர் ஒன்று நூல்களில் நுழைவதைத் தடுக்கும் பொறுப்பு, விதிகளைக் காட்டிலும் ஆய்விதழின் பதிப்பாசிரியரையும் மதிப்பாய்வாளரையுமே பெரிதும் சார்ந்துள்ளது.

புதுச்சேரி நகரத்தின் தாவர ஆய்வு வரலாறு இந்நடைமுறையின் வளர்ச்சியை விளங்கிக்கொள்ள நல்ல எடுத்துக்காட்டு ஆகும். இக்கட்டுரை அந்நகரத்தை மையமாகக் கொண்டே இந்நடைமுறையை விளக்குகின்றது.

புதுச்சேரியில் தாவர ஆய்வும் வெளியீடும்

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியில் பணியாற்றிய தாவரவியலாளர்களுள் லெஷ்னோ த லா தூர், பெரோத்தே ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். லெஷ்னோ 1816 ஆம் ஆண்டில் இங்கு வந்தார். பெரோத்தே பல ஆண்டுகள் இங்கு வாழ்ந்து 1870 ஆம் ஆண்டில் புதுச்சேரியிலேயே இறந்தார். நகரின் தாவரவியல் பூங்கா 1826 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. இவர்கள் திரட்டிய செடிகள் கப்பலேறிப் பாரிசு முதலிய ஐரோப்பிய நகரங்களின் உலர்தாவரகங்களைச் சென்றடைந்தன. அவற்றுக்குப் பெயரிட்டவர்கள் பெரும்பாலும் அச்செடிகளை உயிருடன் கண்டிராத ஐரோப்பிய அறிஞர்களே. இன்றைய பொருளில் மதிப்பாய்வு அக்காலத்தில் இல்லை. பெயரிட்டவரின் புகழே அப்பெயருக்குப் பிணையாக இருந்தது.

புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவிடம் கைமாறியதை அடுத்து, 1955 ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இந்நகரில் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் இந்தியவியல் அறிஞர் ழான் ஃபீலியோசா ஆவார். மொழி, சமய ஆய்வுகளுடன் தாவர ஆய்வும் தொடக்கத்திலேயே இடம்பெற்றது. இந்திய வேளாண் ஆய்வுக் கழகத்துடன் இணைந்து, பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவுத்திட்டத்தில் தாவரப்பரப்பு நிலப்படங்கள் உருவாக்கப்பட்டன. அவற்றுள் கன்னியாகுமரித் தாள் 1961 ஆம் ஆண்டில் வெளிவந்தது. நிறுவனத்தின் உலர்தாவரகம் எச்.ஐ.எஃப்.பி. என்னும் குறியெழுத்துகளால் உலக அளவில் அறியப்படுகின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளைச் சேர்ந்தவை மிகுந்த, இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட தாள்கள் அதில் உள்ளன.

இந்நிறுவனம் தன் ஆய்வுகளை நெடுங்காலம் தன் சொந்த வரிசையிலேயே நூல்களாக வெளியிட்டது. இந்தியத் தாவரங்களின் சூழலியல் பற்றி லெக்ரி பிரெஞ்சு மொழியில் எழுதி 1963 ஆம் ஆண்டில் வெளிவந்த நூலும், பாஸ்கல் 1988 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட மேற்குத் தொடர்ச்சி மலை ஈரப்பசுங்காடுகள் பற்றிய நூலும் அவ்வரிசையைச் சேர்ந்தவை. சொந்த வரிசையில் பக்க வரம்பு இல்லை. நீண்ட அட்டவணைகளையும் மடிப்பு நிலப்படங்களையும் சேர்க்க இயலும். இன்றும் களத்தில் பயன்படும் பல நூல்கள் இவ்வாறு உருவானவையே. ஆயினும் எழுதுபவரும் வெளியிடுபவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது, வெளியார் ஒருவர் எழுப்பக்கூடிய கேள்வி எழாமலே போக வாய்ப்புண்டு.

பிற்காலத்தில் புதுச்சேரியிலிருந்து எழுதப்பட்ட கட்டுரைகள் பன்னாட்டு ஆய்விதழ்களை நாடின. புதுவைப் பல்கலைக்கழகத்தின் பார்த்தசாரதி, கார்த்திகேயன் ஆகியோர் சோழமண்டலக் கடற்கரையின் இரண்டு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடுகளைப் பற்றி எழுதிய கட்டுரை, 1997 ஆம் ஆண்டில் 'பயோடைவர்சிட்டி அண்டு கன்சர்வேசன்' இதழில் வெளியாயிற்று. பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் இரமேசும் அவருடன் பணியாற்றியோரும் நடு மேற்குத் தொடர்ச்சி மலையில் 96 இடங்களில் எடுத்த மரக் கணக்கெடுப்பு, 2010 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சூழலியல் கழகத்தின் 'எக்காலசி' இதழில் தரவுக் கட்டுரையாக வெளிவந்தது. தரவுக் கட்டுரையில் முடிவுகளும் விவாதமும் முதன்மை அல்ல. தரவு எவ்வாறு திரட்டப்பட்டது, அதைப் பிறர் நம்பிப் பயன்படுத்த இயலுமா என்பதே மதிப்பாய்வில் பார்க்கப்படுகின்றது.

மதிப்பாய்வு முறையின் தோற்றம்

இலண்டன் அரச கழகத்தின் 'பிலசாபிக்கல் டிரான்சாக்சன்சு' இதழ் 1665 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதில் எதை அச்சிடுவது என்பதைச் செயலாளர் ஓல்டன்பர்க்கே முடிவு செய்தார். எழுத்து வடிவிலான மதிப்பாய்வு அறிக்கைகள் அக்கழகத்தில் 1832 ஆம் ஆண்டில் தொடங்கின. ஆயினும் வெளியார் மதிப்பாய்வு எங்கும் பரவலானது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். புகழ்பெற்ற 'நேச்சர்' இதழ்கூட 1973 ஆம் ஆண்டில்தான் அதை அனைத்துக் கட்டுரைகளுக்கும் பொதுவாக்கியது. தமிழகத்தில் இத்துறையின் முன்னோடி இதழ், சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பைசன் 1919 ஆம் ஆண்டில் தொடங்கிய 'இந்தியத் தாவரவியல் இதழ்' ஆகும். அது பின்னர் இந்தியத் தாவரவியல் கழகத்தின் இதழாயிற்று.

கையெழுத்துப்படியை அனுப்புதல்

புதிய இனம் ஒன்றை விளக்கும் கட்டுரைக்கான வேலை களத்திலேயே தொடங்குகின்றது. பூவும் காயும் உள்ள கிளைகளைத் திரட்டி, திரட்டியவர் பெயர், எண், நாள், இடம், உயரம் ஆகியவற்றைக் குறித்து, உலர்த்தி, ஒரே சேகரிப்பிலிருந்து பல தாள்கள் உருவாக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று முதன்மை வகைமாதிரியாகத் தெரிவு செய்யப்படும். ஏனையவை இணை வகைமாதிரிகளாகப் பிற உலர்தாவரகங்களுக்கு அனுப்பப்படும். ஒரு நிறுவனத்தில் தீயோ வெள்ளமோ நேர்ந்தாலும் சான்று முழுவதும் அழியாமல் இருப்பதற்கே இந்த ஏற்பாடு. இந்தியாவில் 2002 ஆம் ஆண்டின் உயிரியற் பல்வகைமைச் சட்டத்தின்படி, புதிய இனத்தைக் கண்டறிந்தவர் அதனை அரசு குறித்துள்ள காப்பகத்துக்கு அறிவித்து மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும்.

புதுச்சேரியைச் சுற்றியுள்ள உலர் பசுமைமாறாக் காடுகளுள் பல கோயிற்காடுகள் ஆகும். அங்கு கிளை ஒடிப்பதை ஊரார் பல இடங்களில் ஏற்பதில்லை. எனவே ஆய்வாளர் முதலில் ஊரின் இசைவைப் பெற வேண்டியுள்ளது. சான்றுத் தாள் இல்லாத வெறும் பட்டியலை நல்ல இதழ்கள் ஏற்பதில்லை என்பதால் இதைத் தவிர்க்கவும் முடியாது.

கட்டுரையில் இனத்தின் முழு விளக்கம், நெருங்கிய இனங்களிலிருந்து அதை வேறுபடுத்தும் குறிவிளக்கம், கோட்டோவியம் அல்லது ஒளிப்படம், ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட தாள்களின் பட்டியல் ஆகியன இடம்பெறும். அரிய ஆர்க்கிடு போன்றவற்றைத் திருடுவோர் இருப்பதால், துல்லியமான இட அளவுகளை மறைத்து எழுதுவதைப் பல இதழ்கள் அனுமதிக்கின்றன. இதழின் எழுத்து நடை விதிகளைப் பின்பற்றாத படிகள் மதிப்பாய்வாளரைச் சென்றடையாமலே திரும்பிவிடும். இது சிறிய செய்தியாகத் தோன்றினாலும், புதிய ஆய்வாளர்கள் பெரிதும் காலம் இழப்பது இங்குதான்.

மதிப்பாய்வாளர் பார்ப்பது

பதிப்பாசிரியர் முதலில் கட்டுரை இதழின் எல்லைக்குள் வருகின்றதா என்று பார்த்து, பின்னர் பொதுவாக இரண்டு அல்லது மூன்று மதிப்பாய்வாளர்களுக்கு அனுப்புகின்றார். இவர்களுக்கு ஊதியம் இல்லை. மதிப்பாய்வாளர் யார் என்பது எழுதியவருக்குத் தெரியாதிருப்பது ஒருபக்க மறைவு. இருவருக்கும் தெரியாதிருப்பது இருபக்க மறைவு. வகைப்பாட்டியலில் இரண்டாவது முறை பெரும்பாலும் பெயரளவிலேயே நிற்கின்றது. ஒரு பேரினத்தை ஆராய்பவர்கள் உலகில் ஐந்தாறு பேரே இருக்கும்போது, சேகரிப்பு எண்ணைப் பார்த்தாலே எழுதியவர் யார் என்று தெரிந்துவிடும்.

அனுபவமுள்ள மதிப்பாய்வாளர் முதலில் கேட்பது, நெருங்கிய இனங்களின் வகைமாதிரிகளை எழுதியவர் பார்த்தாரா என்பதையே. இதற்குக் காரணம் மேலே கூறிய வரலாற்றிலேயே உள்ளது. தென்னிந்தியச் செடிகள் பலவற்றின் பழைய வகைமாதிரிகள் பாரிசு, இலண்டன் கியூ, செனீவா முதலிய இடங்களில் இருக்கின்றன. லெஷ்னோவும் பெரோத்தேவும் திரட்டிய தாள் ஒன்று பாரிசில் இருக்க, அதே செடியைப் புதிதெனக் கருதிப் புதுச்சேரியில் ஒருவர் மீண்டும் பெயரிட்டால், பிந்திய பெயர் வெறும் இணைப்பெயராகிவிடும். முன்னாளில் இத்தாள்களைக் காண ஐரோப்பா செல்ல வேண்டும். அல்லது கடனாக அஞ்சலில் பெற வேண்டும். இன்று பெரிய உலர்தாவரகங்கள் தம் தாள்களின் படிமங்களை இணையத்தில் வைத்துள்ளமையால், 'பார்க்க இயலவில்லை' என்னும் விளக்கத்தை மதிப்பாய்வாளர்கள் எளிதில் ஏற்பதில்லை. ஆனால் படிமத்தில் இலையின் அடிப்பக்க மயிர்களையோ பூவின் உட்பகுதியையோ காண முடியாது. ஐயமான இடங்களில் தாளே வேண்டும்.

அடுத்து, வேறுபாடு என்று கூறப்படுவது நிலையானதா என்று பார்க்கப்படும். ஒரே மரத்தில் நிழலில் உள்ள இலை பெரிதாகவும் வெயிலில் உள்ள இலை சிறிதாகவும் இருக்கும். இரண்டே தாள்களை வைத்து இலையளவில் வேறுபாடு காட்டும் கட்டுரை, கூடுதல் மாதிரிகளைத் திரட்டுமாறு திருப்பி அனுப்பப்படலாம். அது அடுத்த பூக்கும் பருவம் வரை, சில வேளைகளில் ஓராண்டு காத்திருக்க வேண்டிய வேலை. 'புதிய' செடி வேறு கண்டத்திலிருந்து வந்த களைச்செடி அல்ல என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். ஒரு நாட்டின் தாவர நூல்களை மட்டும் பார்த்தவர்களுக்கு இப்பிழை எளிதில் நேரும்.

மதிப்பாய்வின் முடிவு ஏற்பு, சிறு திருத்தம், பெருந்திருத்தம், மறுப்பு என அமையும். திருத்திய படியுடன் ஒவ்வொரு கருத்துக்கும் விடை எழுதி அனுப்புதல் வழக்கம். மதிப்பாய்வாளர் கூறிய அனைத்தையும் ஏற்க வேண்டியதில்லை. மறுப்பதாயின் அதற்குரிய தாளையோ அளவையோ காட்ட வேண்டும்.

பெயரிடல் விதிகளும் மதிப்பாய்வும்

தாவரப் பெயர்கள், பாசி, பூஞ்சை, தாவரங்களுக்கான பன்னாட்டுப் பெயரிடல் விதித்தொகுப்பினால் ஆளப்படுகின்றன. மத்ரீதில் 2024 ஆம் ஆண்டில் நடந்த பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டுக்குப் பின் அதன் புதிய பதிப்பு 2025 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1958 முதல் புதிய இனத்துக்கு வகைமாதிரி குறிக்கப்பட வேண்டும். 1990 முதல் அது இருக்கும் உலர்தாவரகத்தின் பெயரும் கூறப்பட வேண்டும். 1935 முதல் 2011 வரை இலத்தீன் விளக்கம் கட்டாயமாக இருந்தது. 2012 சனவரி 1 முதல் இலத்தீன் அல்லது ஆங்கிலம் போதும் என்றாயிற்று. தமிழ் இதழொன்றில் தமிழில் மட்டும் புதிய இனத்தை விளக்கினால் அப்பெயர் ஏற்கப்படாது; ஆங்கிலத்திலோ இலத்தீனிலோ ஒரு குறிவிளக்கமாவது உடன் இருக்க வேண்டும். அதே நாள் முதல், தொடர்வெளியீட்டு எண்ணோ நூல் எண்ணோ உடைய மின்வெளியீட்டுப் பீடிஎஃப் கோப்பும் அச்சுக்கு ஈடாக ஏற்கப்படுகின்றது.

இவ்விதிகளில் எங்கும் சகமதிப்பாய்வு கோரப்படவில்லை. முன்னுரிமைக் கொள்கையின்படி, விதிகளை நிறைவு செய்து முதலில் வெளியான பெயரே பொதுவாக நிற்கும். கட்டுரையை இதழ் பின்னர் திரும்பப் பெற்றாலும் பெயர் மறைந்துவிடாது.

குறைபாடுகள்

மதிப்பாய்வு நேர்மையான பிழைகளைக் கண்டறிவதில் சிறந்தது. திட்டமிட்ட பொய்யைக் கண்டறிவதில் அவ்வளவாக இல்லை. பிரித்தானியப் பேராசிரியர் எசுலொப் ஆரிசன் 1940களில் இசுக்காட்லாந்தின் ரம் தீவில் எதிர்பாராத அரிய செடிகளைக் கண்டதாக வெளியிட்டார். 1948 ஆம் ஆண்டில் தீவுக்குச் சென்ற சான் ரேவன், அவற்றுள் சில அங்கு கொண்டுவந்து நடப்பட்டவை என்னும் முடிவுக்கு வந்தார். ரேவனின் அறிக்கை கேம்பிரிட்சு கிங்சு கல்லூரி நூலகத்தில் வெளியிடப்படாமல் வைக்கப்பட்டிருந்தது. 1999 ஆம் ஆண்டில் கார்ல் சபாக் எழுதிய நூலே இச்செய்தியைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது. இங்கு உண்மையை வெளிப்படுத்தியது கட்டுரையைப் படித்தவர் அல்லர், களத்துக்குச் சென்றவர்.

மதிப்பாய்வே நடைபெறாத இதழ்களும் உள்ளன. இவை கட்டணம் பெற்றுக்கொண்டு எதையும் வெளியிடுவதால் கொள்ளை இதழ்கள் எனப்படுகின்றன. 2013 ஆம் ஆண்டில் 'சயன்சு' இதழுக்காகச் சான் போகனன், லைக்கன் ஒன்றிலிருந்து எடுத்த பொருள் புற்றுநோய் அணுக்களைத் தடுக்கின்றது என்னும் போலிக் கட்டுரையை, எளிதில் கண்டறியக்கூடிய பிழைகளுடன் 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றன. 98 இதழ்கள் மறுத்தன. ஏற்றவற்றுள் இந்தியாவைத் தளமாகக் கொண்டவை மிகுதியாக இருந்தன.

இதழைத் தெரிவு செய்தல்

இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு தரமான இதழ்களைக் குறிக்க 2019 ஆம் ஆண்டில் 'கேர்' பட்டியலைத் தொடங்கியது. 2025 ஆம் ஆண்டில் அதைக் கைவிட்டு, தெரிவு செய்யும் பொறுப்பை உயர்கல்வி நிறுவனங்களிடமே விட்டது. கட்டணம் வாங்கும் இதழ் எல்லாம் போலி அல்ல. திறந்த அணுக்க இதழ் எல்லாம் கட்டணம் வாங்குவதும் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வெளிவரும் 'சர்னல் ஆஃப் திரெட்டன்டு டாக்சா' 1999 ஆம் ஆண்டில் வேறு பெயரில் தொடங்கி, 2009 முதல் இப்பெயரில் திறந்த அணுக்க இதழாக வெளிவருகின்றது. கேரளத்திலிருந்து 1991 முதல் 'ரீடியா' வெளிவருகின்றது. பதினேழாம் நூற்றாண்டில் 'ஓர்த்துசு மலபாரிக்குசு' நூலை உருவாக்கிய வான் ரீடின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டுள்ளது.

பதிப்பாசிரியர் குழுவில் உள்ளோர் அத்துறையில் எழுதியவர்களா, முந்தைய இதழ்களில் வகைமாதிரிகளின் உலர்தாவரகக் குறியெழுத்துகள் ஒழுங்காகக் கொடுக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்தாலே ஓர் இதழின் தன்மை பெரும்பாலும் தெரிந்துவிடும். புதிய இனத்தை விளக்குவோர் இதில் கூடுதல் கவனம் கொள்கின்றனர். தொடர்வெளியீட்டு எண் பெற்ற கொள்ளை இதழில் வெளியானாலும், ஏனைய விதிகள் நிறைவேறியிருந்தால் பெயர் முறையாக வெளியானதே. பின்னர் அப்பேரினத்தை ஆராயும் ஒவ்வொருவரும் அக்கட்டுரையைத் தேடியெடுத்து, அதில் குறிக்கப்பட்ட தாளைப் பார்த்து, அப்பெயரை ஏற்பதா இணைப்பெயராக்குவதா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும்.