பரிசல்: முன்னும் பின்னும் இல்லாத படகு

ஒகேனக்கல்லுக்குச் சென்று வந்தவர்கள் அருவியைப் பற்றியும் எண்ணெய்க் குளியலைப் பற்றியும் மீன் வறுவலைப் பற்றியும் நிறையப் பேசுவார்கள். பரிசலைப் பற்றிக் கேட்டால், "சுற்றியது, பயமாக இருந்தது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பயத்தில் நியாயம் உண்டு. நாம் அறிந்த படகுகளுக்கெல்லாம் முன்பக்கம், பின்பக்கம் உண்டு. பரிசலுக்கு இரண்டும் இல்லை. சுக்கானும் இல்லை, நங்கூரமும் இல்லை. மூங்கில் பிளாச்சுகளால் முடைந்த பெரிய கூடை அது.

இந்தக் கூடை மிகப் பழையது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ், பாபிலோன் நகருக்கு ஆற்றில் வந்து சேர்ந்த படகுகளை வியந்து எழுதியிருக்கிறார். கேடயம் போல வட்டமானவை. மரக்கிளைச் சட்டத்தின்மேல் தோல் போர்த்தியவை. ஒவ்வொரு படகிலும் சரக்கோடு ஒரு கழுதையும் வரும்! கழுதை எதற்கு? ஆற்றின் வேகத்தை எதிர்த்து அந்தப் படகு திரும்ப முடியாது. ஆகவே சரக்கை விற்றதும் சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு வணிகர்கள் தரைவழியே ஊர் திரும்புவார்களாம்.

அதற்கும் முந்திய சான்று ஒன்று 2014-இல் வெளிவந்த நூலொன்றில் விளக்கப்பட்டது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த இர்விங் ஃபிங்கல், சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முந்திய களிமண் பலகையைப் படித்தபோது, ஊழிவெள்ளக் கதையில் வரும் பெரும்படகு வட்டமான பரிசல் வடிவில் சொல்லப்பட்டிருப்பதைக் கண்டார்.

நம் நாட்டுக்கு வருவோம். 1520-ஐ ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையை மக்கள் தோல் போர்த்திய கூடைப் படகுகளில் கடந்ததையும், அவை நேரே செல்லாமல் சுற்றிக்கொண்டே சென்றதையும் குறித்து வைத்தார். 1803-இல் மராத்தியப் போரின்போது ஆர்தர் வெல்லெஸ்லி (பின்னாளில் வெல்லிங்டன் பிரபு) தக்காண ஆறுகளைக் கடக்க இதே கூடைப் படகுகளைத் தம் படைக்காகச் செய்வித்தார். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1933-இல் தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

பாலங்கள் வந்த இடங்களில் பரிசல் மறைந்தது. ஒகேனக்கல்லில் ஏன் நிலைத்தது? ஊரின் பெயரிலேயே பாதி விடை இருக்கிறது. கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. நீர்த்திவலைகள் புகையாய் எழும் கல். இங்கே காவிரி பாறைகளுக்கிடையே பல கிளைகளாகப் பிரிந்து ஓடுகிறது. நீருக்குள் எங்கே பாறை இருக்கிறது என்பது பழகியவருக்குத்தான் தெரியும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடிப்பாகம் 2.4 மீட்டர் விட்டமுள்ள பரிசலின் பரப்பு ஏறத்தாழ 4.5 சதுர மீட்டர். ஆட்களோடு சேர்த்து எடை 500 கிலோ என்று வைத்துக்கொண்டால், அது 500 லிட்டர் நீரை விலக்க வேண்டும். அதற்கு 11 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் போதும், அரைச் சாண்! ஆழமான அடிமரம் உள்ள படகு தட்டி நிற்கும் பாறைமேல் பரிசல் வழுக்கிச் சென்றுவிடும்.

சுற்றுவதற்கும் காரணம் இதே வடிவந்தான். நீண்ட படகு பக்கவாட்டில் திரும்புவதை நீர் தடுக்கிறது. வட்டப் பரிசலுக்கோ எல்லாத் திசையும் ஒன்றே. துடுப்பைச் சற்று ஓரமாகப் போட்டாலும் சுழன்றுவிடும். ஆகையால் பரிசல்காரர் செல்லும் திசையின் விளிம்பில் அமர்ந்து, நீரைத் தம்மை நோக்கி இழுக்கிறார். நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: உயிர்க்காப்பு உடையை அணிந்து, அடியில் அசையாமல் உட்கார்வது. புகைப்படம் எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் ஈர்ப்பு மையம் இடம்பெயரும். விளிம்பு நீருக்குள் போகும். அப்போது கைதேர்ந்தவராலும் காப்பாற்றுவது கடினம்.

பாறை குறுக்கிட்டால் பரிசல்காரர் பரிசலைக் கவிழ்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்கிறார். கழுதையின் வேலையையும் அவரே பார்க்கிறார் எனலாம்.

தோலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் வந்தன. பிறகு கண்ணாடியிழைப் பரிசல்களும் வந்தன. வடிவம் மாறவில்லை. மாறாத இன்னொன்றும் உண்டு. பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர்வரத்து மிகுந்தால் பரிசல் இயக்கத்துக்குத் தடை வரும். தடை அவசியமானதே. ஆனால் வெள்ளம் வடியும்வரை, சில ஆண்டுகளில் வாரக்கணக்கில், பரிசல்கள் கரையில் கவிழ்ந்தே கிடக்கும். துடுப்புப் பிடிக்கும் கைகளுக்கு அந்நாட்களில் கூலி இல்லை.