சேலத்தில் ஒரு ஸ்காட்லாந்துக் கல்லறையைத் தேடி...

கொஞ்ச நாள் முன்னாடி ஆறு மாசம் எடின்பரோவில் ஆன்சைட். வழக்கமான பொட்டி தட்டுற வேலைதான், ஆணி கொஞ்சம் அதிகம். அங்கே எங்கள் டீமில் ஒரு பெரியவர் இருந்தார். ரிட்டயர் ஆக இன்னும் சில வருசம். நான் சேலத்துக்காரன் என்று தெரிந்த அன்றைக்கே சேரை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டார். "என் கொள்ளுத்தாத்தாவோட அப்பா உங்க ஊர்லதான் அடக்கம் ஆகியிருக்கார், தெரியுமா?"

எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு என் கொள்ளுத்தாத்தாவோட அப்பா யாருன்னே தெரியாது. இதை அவரிடம் சொல்லவில்லை. இப்போ உங்ககிட்ட சொல்றேன்.

(ஒரு திருத்தம். நான் உண்மையில் ராசிபுரம் பக்கம். வெளியூர்க்காரர்களிடம் சேலம் என்று சொல்லிவிடுவது வழக்கம். இந்த "எந்த மாவட்டம்" விவகாரம் பின்னாடி திரும்ப வரும்.)

அவரிடம் இருந்தது ஒரே ஒரு தாள். ரயில்வே ஊழியர், வயது 34, காலரா, 1877, அடக்கம் செய்த இடம் சேலம். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. இந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்பதே ஒரு கதை. கம்பெனி காலத்திலிருந்தே மெட்ராஸ் மாகாணத்து சர்ச்சுகளில் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் லண்டனுக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. இன்றைக்கு அது பிரிட்டிஷ் லைப்ரரியில், இந்தியா ஆபீஸ் ஆவணங்களில், 'என்-2' என்ற வரிசையில் இருக்கிறது. வங்காளத்துக்கு ஒன்று, மெட்ராஸுக்கு இரண்டு, பம்பாய்க்கு மூன்று. இவை ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் வந்தும் பல வருசம் ஆச்சு. 1998ல் தொடங்கிய 'ஃபிபிஸ்' என்ற சங்கம் இப்படித் தேடுகிறவர்களுக்காகவே இலவசமாக ஒரு டேட்டாபேஸ் வைத்திருக்கிறது. பேக்கப் எடுப்பதில் வெள்ளைக்காரனை மிஞ்ச முடியாதுங்க.

சேலத்துக்கு ரயில்வேக்காரர் எப்படி வந்தார்? சென்னையிலிருந்து பேப்பூர் வரைக்கும் பாதை 1862ல் முழுசாகத் திறந்தது, சேலம் வழியாக. எஞ்சின் ஓட்ட, பழுது பார்க்க, தண்டவாளம் மேற்பார்க்க என்று ஸ்காட்லாந்திலிருந்து நிறையப் பேர் வந்தார்கள்.

ஆனால் அவர்கள்தான் முதல் ஆட்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1792ல் திப்புவிடமிருந்து பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்தபோது, இங்கே வந்து உட்கார்ந்த அலெக்சாண்டர் ரீடு ஸ்காட்லாந்துக்காரர். அவருக்குக் கீழே தருமபுரிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்ட தாமஸ் மன்றோ, கிளாஸ்கோவில் 1761ல் பிறந்தவர். அப்பா வர்ஜீனியாவோடு வியாபாரம் செய்தவர், அமெரிக்கச் சுதந்திரப் போரில் நொடித்துப்போனார், பையன் கப்பல் ஏறினான். மலைக்குக் கீழே இருக்கிற தாலகாட், அதாவது நம்ம சேலம் நாமக்கல் சமவெளி, கேப்டன் வில்லியம் மெக்லியாட் என்பவர் பொறுப்பில் இருந்தது. 1820லிருந்து 1829 வரை சேலம் கலெக்டராக இருந்தவர் எம்.டி. காக்பர்ன். ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்தவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்களே, அவர்தான்.

சரி, ஊருக்கு வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டரை எடுத்துக்கொண்டு சேலத்துப் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றுக்குப் போனேன். காவல்கார அம்மா, "யாருக்கு வேணும் தம்பி, உங்க சொந்தமா?" என்றார். "இல்லீங்க, ஒரு வெள்ளைக்காரருக்கு" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு அரிவாளைக் கையில் கொடுத்தார். சீமைக்கருவேல முள் அப்படி மண்டியிருந்தது.

நாலு மணி நேரம். எங்கள் ஆள் கிடைக்கவில்லை. இரும்புக் கிராதிகளைக் காணோம், பளிங்கைப் பெயர்த்த பள்ளங்கள்தான் இருக்கின்றன. நல்ல கல்லாக இருந்தால் துணி துவைக்கப் போயிருக்கும். 1905ல் ஜூலியன் காட்டன் என்ற ஐசிஎஸ்காரர் மெட்ராஸ் மாகாணத்துக் கல்லறை வாசகங்களையெல்லாம் தொகுத்துப் புத்தகம் போட்டார். பெரிய வேலை. ஆனால் அவருக்கு வேண்டியது "வரலாற்று முக்கியத்துவம்" உள்ள கல்லறைகள். ரயில்வே ஃபிட்டருக்கு அதில் ஏது இடம்?

வேறு ஒன்று கண்ணில் பட்டது. ஒரு பெண்ணின் கல். அதில் புருசன் குடும்பப் பெயரும் இருந்தது, அப்பா வீட்டுக் குடும்பப் பெயரும் இருந்தது. பெரியவரிடம் கேட்டபோது குஷியாகிவிட்டார். ஸ்காட்லாந்தில் கல்யாணம் ஆனாலும் ஆவணத்திலும் கல்லறையிலும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயர் போகாதாம். இங்கிலாந்தில் அப்படி இல்லை. வம்சம் தேடுகிறவனுக்கு இது லாட்டரி, அம்மா வழியும் திறந்துவிடும்.

அந்த ஊர் ஏற்பாடே தனி. பழைய திருச்சபைப் பதிவேடுகளில் மிகப் பழையது 1553ல் தொடங்குகிறது. 1855 ஜனவரி 1லிருந்து பிறப்பு, இறப்பு, கல்யாணம் மூன்றையும் அரசாங்கமே பதிய ஆரம்பித்தது. எல்லாம் ஒரே தளத்தில் கிடைக்கிறது, பக்கத்தைத் திறக்கத்தான் காசு.

ஆனால் கல்லறையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். இந்த ஊரை ஆண்ட பெரிய தலைகள் சேலத்து மண்ணில் இல்லை. மன்றோ 1827ல் பத்திகொண்டாவில் காலராவில் செத்தார். கூத்தியில் புதைத்து, அப்புறம் தோண்டியெடுத்து சென்னைக் கோட்டை செயின்ட் மேரி தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். காக்பர்ன் குடும்பம் கோத்தகிரிக்குப் போய்விட்டது. காக்பர்னின் மகள் மார்கரெட் 1829ல் சேலத்தில் பிறந்தவர். கோத்தகிரியில் வாழ்ந்து, நீலகிரிப் பறவைகளை வரைந்து தள்ளியிருக்கிறார். அந்தப் படங்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1928ல் இறந்தபோது வயது 99. சேலத்தில் அவருக்கு என்ன அடையாளம்? ஒரு பிறப்புக் குறிப்பு. அவ்வளவுதான். செத்த இடத்தில்தான் கல் இருக்கும், வாழ்ந்த இடத்துக்கு யாரும் கல் நடுவதில்லை.

காக்பர்ன் என்றதும் ஒரு தொழில்முறைச் சமாச்சாரம் சொல்லியே ஆகணும். நாம் எழுத்தைப் பார்த்துக் காக்பர்ன் என்கிறோம், அவர்கள் வாயில் அது 'கோபர்ன்'. கேட்டு எழுதின குமாஸ்தா அப்படியே எழுதியிருந்தால்? இதற்குத்தான் சவுண்டெக்ஸ் என்ற அல்காரிதம் இருக்கிறது. 1918ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது. ஒரே மாதிரி ஒலிக்கிற பெயர்களை ஒரே குறியீட்டில் கொண்டுவருவது அதன் வேலை. உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். காக்பர்னுக்கு சி216, கோபர்னுக்கு சி165. நடுவில் ஊமையாகக் கிடக்கிற 'க்' சப்தத்துக்கும் ஒரு எண் போட்டுவிடுகிறது. தேடினால் ஒன்றைக் காட்டும், மற்றதைக் காட்டாது. நூறு வருசத்து அல்காரிதம், முதல் டெஸ்ட் கேஸிலேயே அவுட் :-)

முள்ளுக் கீறலோடு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஊரான் பாட்டனைத் தேடி இவ்ளோ தூரம் போயிருக்கே. நம்ம பாட்டன் பேரு என்னடா?" என்றார்.

அப்பாருக்கு மேலே கொள்ளுத்தாத்தா பேர் தெரியும். அதுக்கு மேலே யாருக்கும் தெரியவில்லை. ஆயா சொன்ன ஒரு வரி மட்டும் இருக்கிறது: "தாது வருசத்துல பொடிப்பையனா, ஆத்தா கையப் புடிச்சிக்கிட்டு இந்த ஊருக்கு வந்தாங்க. அப்பன் வரல."

தாது வருசப் பஞ்சம் என்பது 1876-78. எங்கள் பெரியவரின் ஆள் காலராவில் செத்ததும் அதே 1877. பஞ்சத்தில் வயிறு ஒட்டிக் கிடந்த ஊர்களைத்தான் காலரா முதலில் பிடித்தது. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877ல் கூலியைக் குறைத்த சர்க்கார் அது. சேலம் மாவட்டத்தில் 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.7 லட்சம் பேர். 1881ல் சுமார் 16 லட்சம். பத்து வருசத்தில் கூடியிருக்க வேண்டிய தலை, மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. செத்தவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள், எல்லாம் அதில் சேர்த்தி. ரயில்வேக்காரருக்கு ஒரு வரி எழுதி லண்டனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதே வருசம் செத்த எங்கள் ஆளுக்கு அந்த ஒரு வரி இல்லை. இதில் அந்த ரயில்வேக்காரர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, 34 வயசில் காலராவில் போனவர். கணக்குதான் உறுத்துகிறது.

நிலம் வழியாகப் போகலாம் என்று பார்த்தேன். இங்கேதான் விநோதம். நம் பாட்டன்களின் பெயரை வரிசையாக எழுதிவைக்க முதலில் ஏற்பாடு செய்ததே அந்த ஸ்காட்லாந்துக்காரர்கள்தான். ரீடு, மன்றோ, மெக்லியாட் மூவரும் 1790களில் வயல் வயலாக அளந்து, எந்தக் காட்டை யார் உழுகிறான், எவ்வளவு தீர்வை என்று விவசாயியோடு நேரடியாகக் கணக்கு வைத்தார்கள். ரயத்துவாரி பிறந்தது இந்த மண்ணில்தான். பாசத்தால் இல்லை, வரிக்குத்தான். இருந்தாலும் எழுதினார்களே! அந்தக் காலத்துக் கடிதங்களும் அறிக்கைகளும் 'பாராமகால் ரெக்கார்ட்ஸ்' என்று 1907லிருந்து தொகுதி தொகுதியாக அச்சாகியிருக்கின்றன.

அப்புறம் 1802லிருந்து ஊர்களை மிட்டா மிட்டாவாக ஏலம் விட்டார்கள். மிட்டாதாரர் மொத்தமாக ஒரு தொகை கட்டிவிட்டால் போதும், கீழே யார் உழுகிறான் என்பது அவர் வீட்டுக் கணக்குப்பிள்ளையின் தலைவலி. எங்கள் ஊர் மிட்டா ஊர். 1948ல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்து சர்க்கார் எடுத்துக்கொள்ளும் வரைக்கும் சர்க்கார் நோட்டில் நாங்கள் இல்லை. போதாக்குறைக்கு நாமக்கல் தாலுகாவை 1910ல் திருச்சி மாவட்டத்தோடு சேர்த்து, 1929ல் சேலத்துக்கே திருப்பிக் கொடுத்தார்கள். 1997ல் தனி மாவட்டம். ஊர் நகரவே இல்லை, ஃபைல்தான் ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறது.

கடைசியில் விஷயம் கிடைத்தது எங்கள் வீட்டுப் பரண் மேல் இருந்த தகரப் பெட்டியில். ஒரு கிரயப் பத்திரம். இன்னார் மகன் இன்னார் இரண்டு ஏக்கர் சொச்சம் வாங்கினது. பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டது, அது அப்பாரு பேர், அவரோட அப்பா பேர். தெரிந்ததுதானே? மடிக்கப்போகும்போது தேதியைப் பார்த்தேன். 1904. அப்பாரு பிறந்ததே 1935ல்!

பேரன் என்றால் பெயரன், தாத்தா பெயரைச் சுமப்பவன். அப்பாரு பேர் அவரோட தாத்தா பேர். கொள்ளுத்தாத்தா பேர் அவரோட தாத்தா பேர். ஆக "இன்னார் மகன் இன்னார்" என்ற ஜோடி ரெண்டு தலைமுறைக்கு ஒருமுறை அப்படியே திரும்ப வந்திருக்கிறது. பெயரை பிரைமரி கீயாக வைத்தால் இதுதான் கதி. 1904ல் நிலம் வாங்கினவர் அந்தப் பொடிப்பையன். "மகன்" என்ற சொல்லுக்கு முன்னாடி இருக்கிற பேர், பஞ்சத்தில் வராமல் போன அப்பன்.

பெரியவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். சிரித்தார். ஸ்காட்லாந்திலும் பழைய வழக்கம் அதுவேதானாம். மூத்த பையனுக்கு அப்பாவோட அப்பா பேர், ரெண்டாவது பையனுக்கு அம்மாவோட அப்பா பேர். அவர் குடும்பத்தில் ரெண்டே பேர் மாறி மாறி ஆறு தலைமுறை ஓடி, பத்து வருசம் தப்பான ஆளைத் துரத்தியிருக்கிறார்.

அப்புறம் கேட்டார், "உன் ஆளை எங்கே புதைச்சாங்க?"

தெரியலைங்க என்றேன். எங்கள் பக்கம் புதைக்கிறதுதான், ஆனால் மேலே எழுத்து வெட்டிக் கல் வைக்கிற பழக்கம் இல்லை. பஞ்சத்தில் எந்த ஊரில் விழுந்தாரோ, அந்த ஊர் எதுவென்றுகூட ஆயாவுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவருக்குக் கல்லறைத் தோட்டத்துப் போட்டோக்களை அனுப்பியிருக்கிறேன். கல் இல்லாத வடகிழக்கு மூலைதான் நிறைய. அங்கே நிற்கிற பெரிய மரம் என்ன மரம் என்று கேட்டு எழுதியிருந்தார். வேப்பமரம் என்று பதில் போட்டேன். அடுத்த லீவில் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகணும். மிட்டா ஏலத்துக்கு முன்னாடி எங்கள் ஊரில் யார் யார் உழுதார்கள் என்று மெக்லியாட்டின் ஆட்கள் எழுதினது ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையில் ரெண்டு பேர் எழுதின சீட்டு இருக்கிறது, மாறி மாறி வருகிற அதே ரெண்டு பேர்.