காயலான் கடையிலிருந்து வந்த டிஸ்க் பிரேக்

1977ல் ஃபோர்டு நிறுவனம் லிங்கன் வெர்சாய் என்றொரு சொகுசுக் காரைச் சந்தைக்கு விட்டது. காடிலாக் செவிலுக்குப் போட்டி என்று பெயர். ஆனால் ஃபோர்டு கிரனாடா என்ற சாதாரணக் காருக்குக் குரோமும் தோல் இருக்கையும் பூட்டி விலையை ஏற்றியிருக்கிறார்கள் என்பது வாங்க வந்தவர்களுக்குச் சீக்கிரமே தெரிந்துபோயிற்று. சுமார் 50,000 கார்கள் விற்றதோடு 1980ல் கடையைக் கட்டினார்கள். அந்தக் காருக்கு உண்மையான மவுசு வந்தது அது காயலான் கடைக்குப் போன பிறகுதான். அதன் பின்பக்கத்தில் இருந்தது ஃபோர்டின் புகழ்பெற்ற ஒன்பது அங்குல ஆக்ஸில்; அதன் இரு முனைகளிலும் டிரம்முக்குப் பதிலாக டிஸ்க் பிரேக். பழைய மஸ்டாங்கையும் ஹாட் ராட்களையும் வீட்டுக் கொட்டகையில் வைத்துத் தட்டிக்கொட்டுகிறவர்கள் வெர்சாயின் குரோமைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அடியில் படுத்து ஆக்ஸிலைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

கார்க்காரர்கள் செய்த இந்த வேலையைப் பிக்கப் வைத்திருந்தவர்களும் வேறு வேறு வண்டிகளை அறுத்துச் செய்தார்கள். பிக்கப்பின் பின்சக்கரத்துக்கு டிஸ்க் வந்த கதையில் கம்பெனி இன்ஜினியர்களுக்கு உள்ள இடம் வெல்டிங் மெஷினும் கொஞ்சம் பொறுமையும் வைத்திருந்த சாமானியர்களுக்கும் உண்டு.

இரண்டு வகைப் பிரேக்குக்கும் ஏறத்தாழ ஒரே வயது. 1902ல் இங்கிலாந்தின் பிர்மிங்காமில் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். தாமிரப் பேட் தட்டைக் கவ்வும்போது எழுந்த கிறீச்சொலி காதைப் பிளந்தது. அன்றைய மண் சாலையில் பேட் சீக்கிரம் தேயவும் செய்தது. பிரான்சில் லூயி ரெனோ அதே ஆண்டு உருப்படுத்திய டிரம் பிரேக்கோ ஓசையில்லாமல் உலகத்தைப் பிடித்துக்கொண்டது. டிஸ்க்குக்கு மறுவாழ்வு தந்தது கார்ப் பந்தயம். 1953ல் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் காரில் டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார்கள். அங்கே சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுவே முதல் முறை.

அமெரிக்காவில் அதற்கு முன்பே ஒருவர் துணிந்து பார்த்திருந்தார். 1949ல் கிராஸ்லி என்ற சின்னக் கார் கம்பெனி, விமானத்துக்காக உருவான வகை டிஸ்க் பிரேக்கைத் தன் கார்களில் நான்கு சக்கரத்துக்கும் போட்டது. குளிர்காலத்தில் பனி உருக அமெரிக்கச் சாலைகளில் கொட்டும் உப்பு அதன் உலோகத்தை அரித்து இறுகவைத்தது. கம்பெனி சீக்கிரமே டிரம்முக்குத் திரும்பியது. ஏற்கெனவே வாங்கியிருந்தவர்களில் பலர் டிஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டு டிரம் மாட்டிக்கொண்டார்கள்.

அதன் பிறகு மாற்றம் மெதுவாகத்தான் நடந்தது. 1963 ஸ்டூடிபேக்கர் அவாந்தியில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க். 1965 செவர்லே கார்வெட்டில் நான்கு சக்கரத்துக்கும். பிக்கப்பின் முறை இன்னும் தாமதம். ஜெனரல் மோட்டார்ஸின் அரை டன் பிக்கப்களில் முன்சக்கர டிஸ்க் எல்லா வண்டிக்கும் என்று ஆனது 1971ல். பின்சக்கரத்தில் டிரம் அப்படியே இருந்தது, அடுத்த முப்பது ஆண்டுக்குக் கிட்டத்தட்ட அசையாமல். நம்மூர்ச் சாலையில் காய்கறி மூட்டையோடு ஓடும் மஹிந்திரா பொலிரோ பிக்கப்பிலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்ற அதே ஏற்பாடுதான்.

இதைக் கம்பெனிகளின் கஞ்சத்தனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. காலி பிக்கப்பின் பின்பக்கமோ ஏற்கெனவே இலேசானது. பின்சக்கரத்துக்குக் கிடைக்கும் பிரேக் வேலை குறைவு. டிரம்முக்குச் சொந்தமான ஒரு வித்தையும் உண்டு: சுழலும் டிரம், உள்ளிருந்து அதை அழுத்தும் முன் ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் அழுத்திக்கொள்ளும். மிதிப்பவர் கால் கொடுப்பதைவிட அதிகமான பிடி சும்மா கிடைக்கிறது. ஒரு கேபிளை இழுத்தால் அதே ஷூ ஹேண்ட் பிரேக்காகவும் வேலை செய்யும். விலையும் மலிவு.

சிக்கல், சூடு ஏறும்போது ஆரம்பிக்கிறது. டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் ஆழமாக இறங்கும். படகு டிரெய்லரை இழுத்துக்கொண்டு ராக்கி மலைத் தொடரில் இறங்குகிறவர்களுக்கும், பண்ணைச் சேற்றில் ஓட்டுகிறவர்களுக்கும், பெரிய டயர் மாட்டிக் காட்டுப் பாதையில் ஏறுகிறவர்களுக்கும் இது அனுபவப் பாடம். ஆற்றில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் புகுந்த தண்ணீர் உலரும்வரை பிரேக் பிடிக்காது. டிஸ்க் திறந்தவெளியில் சுழல்வதால் சூடும் தண்ணீரும் அதில் தங்குவதில்லை.

கையில் காசு குறைவு, மாற்றியே ஆகவேண்டும் என்ற நிலையில் இவர்களுக்குக் கைகொடுத்தது ஒரு பழைய வியாபார ஏற்பாடு. எந்தக் கம்பெனியின் எந்த ஆண்டு மாடலின் உதிரிபாகம் வேறு எதற்குப் பொருந்தும் என்று பட்டியல் போட்ட ஹாலண்டர் கையேடு 1934லேயே வந்துவிட்டது. பழைய இரும்புக் கடைக்காரர்களுக்கு அதுதான் வேதம். அதோடு, ஸ்பானரோடு நுழைந்து வேண்டியதைத் தானே கழற்றிக்கொண்டு வாசலில் காசு கட்டும் காயலான் கடைகளும் அமெரிக்காவில் பெருகின. எந்த வண்டிக்கு எதை அறுக்கலாம் என்ற அறிவு வாய்மொழியாகவும் ஹாட் ராட் பத்திரிகைகள் வழியாகவும் பரவியது.

அந்த அறிவில் முதிர்ந்த ஒன்று, ஜெனரல் மோட்டார்ஸின் கனரக ‘14 போல்ட்’ ஆக்ஸிலுக்கான வைத்தியம். முதலில் இரும்புக் குண்டாகக் கனக்கும் பழைய டிரம்மையும் அதன் பின்தகட்டையும் கழற்றுவார்கள். டிரம் இருந்த இடத்தில், முக்கால் டன் செவர்லே பிக்கப்பின் முன்சக்கர ரோட்டர், அதாவது சுழலும் தட்டு, உட்காரும். பின்தகட்டின் போல்ட் துளைகளில், தடித்த இரும்புத் தகட்டில் வெட்டிய பிராக்கெட் ஒன்று ஏறும். அதில் அதே செவர்லேயின், பேட்டை அழுத்தித் தட்டைக் கவ்வவைக்கும் முன்சக்கரக் காலிப்பர் தொங்கும். ஏராளமான வண்டிகளில் போட்ட சாமான் என்பதால் காலிப்பரும் ரோட்டரும் பேட்டும் எந்தச் சிற்றூர் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். காசு கொடுத்துச் செய்யவேண்டிய ஒரே புதுப் பொருள் அந்தப் பிராக்கெட். கை வந்தவர்கள் அதையும் தாங்களே வெட்டிக்கொண்டார்கள். புதிதாகச் செய்பவர்களைத் தடுக்கிவிடும் இடம் ஒன்று உண்டு. வலது காலிப்பரை இடப்பக்கம் மாட்டிவிட்டால் காற்று வெளியேற்றும் திருகு கீழ்ப்பக்கம் வந்துவிடும். காற்று மேலே தங்கும். எத்தனை முறை ஆயிலை மிதித்து வெளியேற்றினாலும் பெடல் பஞ்சாகவே இருக்கும்.

இதில் ஹேண்ட் பிரேக் கிடையாது என்பதுதான் பெரிய குறை. அதற்குக் கைகொடுத்தது காடிலாக். 1970களின் பிற்பகுதி எல்டொராடோ கார்களின் பின் காலிப்பரிலேயே ஹேண்ட் பிரேக் நெம்புகோல் இருந்தது: கேபிள் இழுத்தால் உள்ளே ஒரு திருகு சுற்றிப் பிஸ்டனைத் தள்ளும். பேட் தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்வதும் அதே திருகுதான். ஹேண்ட் பிரேக்கையே தொடாத ஓட்டுநரின் கையில் அது சரிசெய்துகொள்ளாது. பெடல் நாளுக்கு நாள் கீழிறங்கும். மாற்றியவர்களில் பலர் இதைக் காலிப்பரின் கோளாறு என்று நினைத்துத் திட்டினார்கள். சிலர் ஹேண்ட் பிரேக்குக்குப் பதிலாகக் குழாயில் ஆயில் அழுத்தத்தைப் பூட்டிவைக்கும் வால்வைப் போட்டுப் பார்த்தார்கள். அழுத்தம் மெல்லக் கசிந்தால் சரிவில் நிறுத்திய வண்டி தானாக உருளும்.

சிறிய வண்டிக்காரர்களுக்கு விடை 1995ல் வந்தது. அந்த ஆண்டிலிருந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குலப் பின் ஆக்ஸிலில் டிஸ்க் இருந்தது. ரோட்டரின் நடுவிலுள்ள குழிவுக்குள் ஹேண்ட் பிரேக்குக்கென்றே சின்னஞ்சிறு டிரம் ஒன்றும் இருந்தது. எக்ஸ்ப்ளோரர் அமெரிக்காவில் கொத்துக்கொத்தாக விற்ற வண்டியாதலால் சில ஆண்டுகளிலேயே காயலான் கடைகளில் வரிசை கட்டிக் கிடந்தது. ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்காரர்கள் முழு ஆக்ஸிலையும் தூக்கிப்போனார்கள். சக்கரத்தின் ஐந்து போல்ட் அமைப்பு இரண்டு வண்டியிலும் ஒரே அளவில் இருந்ததால் ஜீப் செரோக்கிக்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

டிஸ்க்கை மாட்டுவதோடு வேலை முடிவதில்லை. பெடலை மிதித்தால் டிரம்முக்கு ஆயிலைத் தள்ளிய பழைய மாஸ்டர் சிலிண்டரில், சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பரை விரித்து வைக்கச் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அளவில் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு ஒன்று இருக்கும். அதை எடுக்காமல் விட்டால் டிஸ்க்கின் பேட் எப்போதும் உரசிச் சூடேறும். காலிப்பர் பிஸ்டன் பெரிது. அதற்கு அதிக ஆயில் வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் சிறிதென்றால் பெடல் தரை தொடும். கடைசியாக, பின்சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு வால்வு. வெறும் தொட்டியோடு ஆளில்லாத ஈரத் தரையில் ஓங்கி மிதித்து, முன்சக்கரம் நின்ற பிறகே பின்சக்கரம் நிற்கும்வரை அதைத் திருக வேண்டும். பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி பம்பரமாகச் சுழன்றுவிடும்.

கம்பெனிகள் இதற்கிடையில் முன்னும் பின்னுமாக நடந்தன. 1999 மாடல் செவர்லே சில்வராடோ நான்கு சக்கர டிஸ்க்கோடு வந்தது. 2005ல் அதன் அரை டன் வண்டிகளுக்குப் பின்னால் மறுபடி டிரம். 2014 மாடலில் மறுபடி டிஸ்க். டொயோட்டா டகோமா 2023 மாடல் வரை டிரம்மை விடவில்லை. ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வாகன் தன் மின்சாரக் காரான ஐடி.3ன் பின்சக்கரத்துக்கு டிரம்மையே தேர்ந்தெடுத்திருக்கிறது: வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டாரே பார்த்துக்கொள்வதால் பின் பிரேக் பல நேரம் சும்மா இருக்கிறது, சும்மா இருக்கும் டிஸ்க்கில் துரு ஏறும், மூடிய டிரம்முக்குள் அவ்வளவு எளிதில் ஏறாது.