விம்பிள்டனில் வென்ற முதல் இந்தியப் பெண்மணி

எங்கள் குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தை இயற்றியிராவிடில், அறுபத்து மூவருள் பலரை நாம் பெயரளவிலேயே அறிந்திருப்போம். அருஞ்செயல் நிகழ்ந்தால் மட்டும் போதாது. அதனை எடுத்துச் சொல்வாரும் வேண்டும். இவ்வுண்மை விளையாட்டு வரலாற்றுக்கும் பொருந்தும் என்பதற்கு லீலா ராவ் என்னும் டென்னிஸ் வீராங்கனையின் வாழ்க்கை சான்றாகும்.

லீலா ராவ் 1911-ஆம் ஆண்டு பம்பாயில் பிறந்தார். தந்தையார் ராகவேந்திர ராவ் ஒரு மருத்துவர். தாயார் க்ஷமா ராவ் வடமொழிப் புலவர். காந்தியடிகளின் அறப்போரைச் ‘சத்யாக்ரஹ கீதை’ என்னும் காவியமாகப் பாடியவர். டென்னிஸ் ஆட்டத்திலும் பெயர் பெற்றவர். பெண்கள் எழுத்தறிவு பெறுவதே அரிதாயிருந்த அந்நாளில், ஏட்டையும் மட்டையையும் ஒருங்கே ஏந்திய அன்னை வாய்த்தது லீலாவின் நற்பேறு. 1930-களில் அவர் அகில இந்தியப் பட்டத்தைப் பலமுறை வென்றார்.

1934-ஆம் ஆண்டு லண்டன் மாநகரின் விம்பிள்டன் பந்தயத்தில் அவர் ஆடினார். முதற்சுற்றில் அவரை எதிர்த்தவர் கிளாடிஸ் சவுத்வெல். முதல் செட்டை லீலா 4-6 என இழந்தார். சமநிலையை விரைவில் முடித்துவைக்கும் ‘டை-பிரேக்’ முறை அக்காலத்தில் இல்லை. இரண்டு ஆட்டங்கள் முந்தும் வரை ஆடியே தீரவேண்டும். இரண்டாம் செட் நீண்டுகொண்டே போயிற்று. லீலா தளராது அதனை 10-8 என வென்று, மூன்றாவதை 6-2 எனக் கைப்பற்றினார். விம்பிள்டனில் இந்தியப் பெண்ணொருவர் பெற்ற முதல் வெற்றி அதுவே. அடுத்த சுற்றில் பிரான்சு நாட்டு இடா அதாமோஃபிடம் தோல்வியுற்றார்.

1943-இல் அவர் அரசு அதிகாரியான ஹரீஷ்வர் தயாளை மணந்தார். பிற்காலத்தில் நாட்டியக் கலை பற்றி நூல்கள் எழுதினார். தாயாரின் கதைகளை வடமொழி நாடகங்களாக ஆக்கினார்.

இத்தகையவரை நாம் மறந்தது எங்ஙனம்? அக்காலத்தில் விம்பிள்டன், பரிசுப்பணம் கருதாத அமெச்சூர் ஆட்டக்காரர்களுக்கே உரியதாயிருந்தது. 1968-இல்தான் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் அதன் கதவு திறந்தது. அவ்வாண்டு முதலாகவே சாதனைகளைக் கணக்கிடும் வழக்கமும் ஏற்பட்டது. 1998-இல் கோயம்புத்தூரைச் சேர்ந்த நிருபமா வைத்தியநாதன் ஆஸ்திரேலியப் பந்தயத்தில் வென்றபோது, இக்கணக்கின்படி அவர் முதல்வராகப் போற்றப்பட்டார். அப்புகழ் அவருக்கு முற்றிலும் உரியதே. ஆயினும் ‘1968-க்குப் பின்’ என்னும் அடைமொழி பேச்சில் நழுவிவிடும்போது, அறுபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் வென்ற லீலாவின் பெயரும் உடன் நழுவிவிடுகிறது.

ஆதலின், ‘முதல்வர்’ என்று எவரையேனும் படிக்கும்போது, ‘எந்த ஆண்டிலிருந்து எண்ணுகிறார்கள்?’ என்று கேளுங்கள். வரலாறு பயிலும் மாணவருக்கு இக்கேள்வி இன்றியமையாதது.